வேலையை வெளியில் விடுதல்: குடியானவர் கணக்கிட்டுச் செய்யவேண்டிய முறை

பயிர்த்தொழிலுக்கு வேண்டிய எல்லாக் காரியங்களையும் ஒரு குடும்பமே தன் ஆளாலும் மாட்டாலும் கருவியாலும் செய்து முடித்த காலம் போய்விட்டது. எலவனாசூர்கோட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஐந்தாறு ஏக்கர் நிலமுடைய ஒரு குடியானவர் இன்று உழவை வாடகை டிராக்டருக்கும், நடவைப் பேசி நடும் கோஷ்டிக்கும், நெல்லறுவடையை இயந்திரத்துக்கும், கரும்பு வெட்டை மேஸ்திரியின் ஆட்களுக்கும், கரும்பு நாற்றை நிழல்வலைக் கூடம் வைத்திருப்பவருக்கும் விட்டுவிடுகிறார். வருஷ முடிவில் செலவைக் கூட்டிப் பார்த்தால், கைவிட்டுப் போன பணத்தில் பெரும்பகுதி இவ்வாறு வெளியாருக்குச் சென்றிருப்பது தெரியவரும். ஆயினும் எந்த வேலையை விடலாம், எதை விடலாகாது, யாரிடம் எந்த நிபந்தனையின்பேரில் விடுவது என்னும் விஷயங்களில், விதை வாங்கும்போது செலுத்தும் கவனத்தில் நாலில் ஒரு பங்கு கூடச் செலுத்தப்படுவதில்லை. அக்கம்பக்கத்தார் விட்டார்கள், ஆகவே நாமும் விட்டோம் என்பதே பெரும்பாலும் காரணமாயிருக்கிறது. இதனால் சில குடும்பங்கள் லாபமடைந்திருப்பினும், சில குடும்பங்கள் நல்ல மகசூல் கண்ட வருஷத்திலேயே கடன்பட்டு நிற்கின்றன. ஆதலால் இவ்விஷயத்தை முறையாக ஆராய்வது அவசியமாகும்.

வெளியில் விடுதலின் தத்துவம்

ஒரு வேலையைத் தானே செய்வதா, பிறரிடம் விலைகொடுத்துப் பெறுவதா என்னும் கேள்வி உழவருக்கு மட்டும் உரியதன்று. ரொனால்டு கோஸ் என்னும் ஆங்கிலப் பொருளியல் அறிஞர் 1937-ம் வருஷத்தில் வெளியிட்ட ஒரு கட்டுரையில் இதனை ஆராய்ந்தார். பின்னர் 1991-ல் அவருக்கு நோபெல் பரிசு அளிக்கப்பட்டபோது இவ்வாராய்ச்சியும் காரணமாகக் கூறப்பட்டது. அவர் கருத்தைச் சுருங்கச் சொல்லின், ஒரு வேலையைப் பிறரிடம் விடும்போது கொடுக்கும் கூலி மட்டும் செலவன்று. தக்க ஆளைத் தேடும் செலவும், பேரம் பேசும் செலவும், பேசியபடி நடக்கிறதா என்று கண்காணிக்கும் செலவும் அதனுடன் சேரவேண்டும். இவையெல்லாம் கூட்டிய தொகை, தானே செய்தால் ஆகும் செலவுக்குக் குறைவாயிருந்தால் மாத்திரமே வெளியில் விடுதல் நலம் தரும்.

பயிர்த்தொழிலில் இவற்றோடு நாலாவதாக ஒன்றையும் சேர்க்கவேண்டும். அது காலதாமத நஷ்டம். ஆலைகளில் ஒரு வேலை இரண்டு நாள் தாமதித்தால் இரண்டு நாள் உற்பத்தியே குறையும். வயலிலோ, மழை பெய்து ஈரம் காய்வதற்குள் விதைக்கவேண்டிய மணிலாவை, டிராக்டர் வரவில்லை என்று ஐந்து நாள் கழித்து விதைத்தால் அந்தப் பருவம் முழுவதும் பாதிக்கப்படும். ஆகவே கூலி, தேடுதலும் பேரமும், கண்காணிப்பு, காலதாமதம் ஆகிய நான்கையும் சேர்த்தே ஒரு வேலையின் உண்மைச் செலவைக் கணிக்கவேண்டும்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

எல்லாவற்றையும் வெளியில் விடுதல் தவறு என்பதும் சரியன்று. சொந்தமாக எல்லாம் வைத்திருக்கவேண்டும் என்னும் ஆசையாலும் குடும்பங்கள் நொடித்துப்போவதுண்டு. இதற்கு உதாரணமாக டிராக்டரை எடுத்துக்கொள்வோம். கீழ்க்காணும் தொகைகள் கணக்கின் முறையைக் காட்டுவதற்காக மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டவை. அவரவர் ஊரில் உள்ள விலையையும் வாடகையையும் இட்டுக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

டிராக்டரும் சுழற்கலப்பையும் சேர்ந்து 9,00,000 ரூபாய் என்றும், பத்து வருஷம் கழித்து 1,00,000 ரூபாய்க்கு விற்கலாம் என்றும் வைத்துக்கொள்வோம். வருஷத் தேய்மானம் 80,000 ரூபாய். சராசரி முதலாகிய 5,00,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து வட்டி 50,000 ரூபாய். இன்ஷூரன்சும் கொட்டகையும் 10,000 ரூபாய். ஆக, வண்டி ஒரு மணி நேரம் கூட ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு 1,40,000 ரூபாய் செலவாகும். ஓடும்போது டீசல், டிரைவர், பழுது ஆகியவற்றுக்கு மணிக்கு 600 ரூபாய் என்றும், வாடகை டிராக்டருக்கு மணிக்கு 1,200 ரூபாய் என்றும் கொள்வோம். சொந்த வண்டியால் ஒவ்வொரு மணிக்கும் மிச்சப்படுவது 600 ரூபாய். 1,40,000-ஐ 600-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 233 மணி. அதாவது வருஷத்தில் 233 மணிக்கு மேல் வேலை இருந்தாலொழிய வண்டி வாங்குவது லாபமாகாது.

ஏக்கருக்கு வருஷத்தில் 8 மணி நேரம் தேவை என்று கொண்டால், ஆறு ஏக்கர் உடையவருக்கு 48 மணி நேர வேலையே உண்டு. வாடகைக்கு எடுத்தால் அவருக்கு ஆகும் செலவு 57,600 ரூபாய். சொந்த வண்டியாயின் 1,68,800 ரூபாய். வித்தியாசம் 1,11,200 ரூபாய். இப்பணத்தை அவர் பெருமைக்காகவே கொடுக்கிறார். வெளியாருக்கு வாடகைக்கு ஓட்டி ஈடுகட்டலாம் என்று எண்ணுவோர், அது வேறொரு தொழில் என்பதையும், தம் நிலத்துக்கு வண்டி தேவைப்படும் அதே நாளில்தான் மற்றவர்களுக்கும் தேவைப்படும் என்பதையும் நினைவில் வைக்கவேண்டும்.

இதே கணக்கின்படி, சுமார் முப்பது ஏக்கர் சேர்ந்தால் வண்டி தன் செலவைத் தாங்கும் என்பதும் விளங்கும். ஆகவே ஐந்து குடும்பங்கள் கூடி ஒன்று வாங்குவது, தனித்து வாங்குவதற்கும் முழுவதும் வாடகையை நம்புவதற்கும் இடைப்பட்ட நல்வழியாகும். தமிழ்நாட்டில் 2017-18-ம் வருஷத்தில் தொடங்கப்பட்ட கூட்டுப் பண்ணையத் திட்டம் இந்நோக்கம் கொண்டதே. நூறு விவசாயிகள் கொண்ட ஒவ்வொரு உற்பத்தியாளர் குழுவுக்கும் பொதுக் கருவிகள் வாங்க 5,00,000 ரூபாய் அளிப்பது அதன் ஏற்பாடாயிருந்தது. வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களைக் குறிப்பிட்ட வாடகைக்கு விடுகிறது. தனியாரிடம் பேசுமுன் அவ்வாடகை விகிதத்தை விசாரித்து வைத்துக்கொண்டால், பேரத்துக்கு அது நல்ல அளவுகோலாகும்.

எவற்றை விடலாம், எவற்றை விடலாகாது

வேலைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதலாவது, செய்து முடித்தபின் கண்ணால் பார்த்தோ அளந்தோ சரிபார்க்கக் கூடியவை. உழவு, வரப்பு வெட்டுதல், நடவு, கரும்பு வெட்டு, ஏற்றுமதி ஆகியவை இவ்வகையின. இவற்றை வெளியில் விடலாம். இரண்டாவது, தனித் திறமையோ விலையுயர்ந்த கருவியோ வேண்டியிருந்து, வருஷத்தில் சில நாட்களுக்கே தேவைப்படுபவை. நெல்லறுவடை இயந்திரம், வைக்கோல் கட்டும் இயந்திரம், டிரோன் கொண்டு மருந்து தெளித்தல், குழித்தட்டில் கரும்பு நாற்று விடுதல் முதலியன இவ்வகையின. இவற்றைப் பெரும்பாலும் வெளியில் விடுவதே சிக்கனம். உதாரணமாக, ஒரு ஏக்கருக்கு இரு பரு கரணை 30,000 நடும் பழைய முறையில் விதைக்கரும்பு டன் கணக்கில் தேவைப்படும். ஐந்தடிக்கு இரண்டடி இடைவெளியில் ஒரு பரு நாற்று நட்டால் 4,356 நாற்றுக்களே போதும். பழுதானவற்றுக்கு ஈடாகச் சிறிது சேர்த்து வாங்கலாம். நாற்று வளர்ப்பதற்கு நிழல்வலையும் நாள்தோறும் கவனிப்பும் வேண்டுமாதலால், இரண்டு ஏக்கர் நடுபவர் அதற்கெனக் கூடம் போடுவது வீண்.

மூன்றாவது வகை, செய்து முடித்தபின் சரிபார்க்க முடியாதவை. அல்லது தவறு நேர்ந்தால் திருத்த முடியாதவை. இவற்றை எக்காரணம் பற்றியும் பிறர் கையில் முழுவதும் விடலாகாது. அவை நான்கு: விதை, நீர், நிறுவை, கணக்கு. எந்த ரகம், எங்கிருந்து வந்த விதை என்பதை நாற்று விற்பவரிடம் விட்டுவிட்டால், கலப்பு இருந்தது என்பது பூக்கும்போதுதான் தெரியும். நீர் பாய்ச்சும் நாளை ஆளின் வசதிக்கு விட்டால், பயிரின் வாட்டத்தை அவர் தம் வீட்டிலிருந்து காணமாட்டார். நிறுவையை விட்டால் பிற எல்லாவற்றிலும் மிச்சப்படுத்தியது ஒரு நாளில் போய்விடும். கணக்கை விட்டால் எது போயிற்று என்பதே தெரியாது. ‘உடையவன் பாராப் பயிர் உருப்படாது’ என்னும் பழமொழி இந்நான்கையும் பற்றியதாகவே கொள்ளத்தகும்.

இந்தப் பாகுபாட்டைச் சர்க்கரை ஆலைகளே நன்கு கடைப்பிடிக்கின்றன. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கள்ளக்குறிச்சிக் கூட்டுறவு ஆலைகளும், பெரியசெவலையிலுள்ள செங்கல்வராயன் கூட்டுறவு ஆலையும் தமக்கு வேண்டிய கரும்பைத் தாமே பயிரிடுவதில்லை; அவ்வேலையைக் குடியானவரிடம் விட்டிருக்கின்றன. ஆயினும் நட்ட தேதியைப் பதிவு செய்தல், ரகத்தைக் குறித்தல், வெட்டு உத்தரவு கொடுத்தல், எடை மேடை ஆகியவற்றைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கின்றன. வேலையை விட்டாலும் பிடியை விடவில்லை. குடியானவர் தாம் ஆள் அமர்த்தும்போதும் இவ்வாறே நடந்துகொள்ளவேண்டும்.

கூலி பேசும் அலகு

பெரும்பாலான தகராறுகள் கூலியின் அளவினால் உண்டாவதில்லை. எந்த அலகினைக்கொண்டு கூலி பேசப்பட்டது என்பதனாலேயே உண்டாகின்றன. ஒவ்வொரு அலகும் ஒரு வகைத் தவறுக்குத் தூண்டுதலாகும். நாட்கூலிக்கு விட்டால் வேலை மெதுவாக நடக்கும், ஆனால் பெரும்பாலும் சுத்தமாயிருக்கும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசினால் வேலை விரைவாக முடியும், ஆனால் சுத்தம் குறையும். எடைக்கு விட்டால் எடை கூடும், ஆனால் அந்த எடையில் வேண்டாதவையும் சேரும். எந்தத் தவறு தமக்கு அதிக நஷ்டம் தருமோ, அதைத் தூண்டாத அலகைத் தேர்ந்தெடுக்கவேண்டும். அல்லது அத்தவறை அளந்து காணும் வழியை முன்னதாகவே வைத்துக்கொள்ளவேண்டும்.

நடவு: ஏக்கர்க் கணக்கில் நடவு பேசினால் குத்துக்கள் தூரமாக விழும். 20-க்கு 15 சென்டிமீட்டர் இடைவெளி பேசியிருந்தால், ஒரு சதுர மீட்டரில் 33 குத்துக்கள் இருக்கவேண்டும். ஒரு மீட்டர் நீள அகலமுள்ள மூங்கிற் சட்டம் ஒன்றைச் செய்து, வயலில் ஐந்து இடங்களில் வைத்து எண்ணிச் சராசரி காணலாம். ஆட்கள் வயலில் இருக்கும்போதே எண்ணவேண்டும். கரையேறியபின் எண்ணுவதால் பயனில்லை.

நெல்லறுவடை: இயந்திரத்தை மணிக்கணக்கில் அமர்த்தினால், வரப்பு உயரம், சிறு சிறு பாத்திகள், சாய்ந்த பயிர், தானியம் கொட்டச் செல்லும் தூரம் ஆகியவை ஒவ்வொன்றும் நேரத்தைத் தின்னும். ஆகவே வண்டி இறங்கும் வழியையும் தார்ப்பாய் விரிக்கும் இடத்தையும் முந்தின நாளே ஒழுங்கு செய்யவேண்டும். ஈரம் மிகுந்த வயலுக்குப் பெல்ட் வண்டியும், நன்கு காய்ந்த வயலுக்கு டயர் வண்டியும் ஏற்றவை. வண்டி பழுதுபட்டு நின்ற நேரம் கணக்கில் சேராது என்பதை முதலிலேயே பேசவேண்டும். ஏக்கர்க் கணக்கில் அமர்த்தினால் ஓட்டுநர் விரைவாக ஓட்டுவார், தானியம் சிந்தும். வண்டி சென்ற தடத்தில் ஒரு சதுர மீட்டரில் சிந்திய மணிகளை எண்ணிப் பார்க்கவேண்டும். ஆயிரம் மணி 25 கிராம் எடையுள்ள ரகமாயின், 200 மணி 5 கிராம். ஏக்கருக்கு ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர் ஆதலால், சிந்தியது 20 கிலோவாகும். முதற் பாத்தியிலேயே இதனைக் கண்டு ஓட்டுநரிடம் காட்டினால், வேகத்தைக் குறைத்து, காற்று வீச்சையும் சரிசெய்வார்.

கரும்பு வெட்டு: டன்னுக்கு இவ்வளவு என்று பேசும்போது ஆட்கள் குனிந்து வெட்டுவதைத் தவிர்த்து உயரத்தில் வெட்டுவதும், சோகையும் கொழுந்தும் நீக்காமல் கட்டுவதும் இயல்பு. எட்டடி நீளமுள்ள கரும்பில் மூன்று அங்குலம் தரையில் விட்டால், நீளத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு போயிற்று. ஏக்கருக்கு 40 டன் விளைவாயின் இது 1¼ டன் ஆகும். அடிப்பாகம் நுனியைவிடப் பருமனும் சர்க்கரைச் சத்தும் மிகுந்ததாதலால் உண்மை நஷ்டம் அதற்கும் அதிகம். அன்றியும் உயரத்தில் விட்ட கட்டையிலிருந்து மேற்பரப்பில் முளைக்கும் மறுதாம்புப் பயிர் வேரூன்றாமல் சாயும். தரையை ஒட்டி வெட்டினால் டன்னுக்கு ஒரு சிறு தொகை கூடுதலாகத் தருவதாகப் பேசுவது, பின்னர் சச்சரவிடுவதைவிட மலிவாகும். வெட்டிய கரும்பு வயலிலோ வண்டியிலோ கிடந்தால் எடையும் சத்தும் குறையும். ஒரு நாளைக்குள் ஆலை சேர்வதே நன்று. ஆகவே வண்டி உறுதியான பின்னரே வெட்டு தொடங்கவேண்டும்.

மணிலாக்காய் ஆய்தல்: படிக்கணக்கில் கூலி கொடுத்தால் பிஞ்சும் மண்ணும் படியில் சேரும். காய்களை உதறி, பிஞ்சை ஒதுக்கிய பின்னரே அளக்கப்படும் என்று முதல் நாளே சொல்லிவிடவேண்டும்.

ஆளைத் தேர்ந்தெடுத்தலும் சீட்டு எழுதுதலும்

குறைந்த கூலி கேட்பவரே மலிவானவர் என்று கொள்ளலாகாது. சென்ற வருஷம் அவரிடம் வேலை விட்ட இருவரையாவது நேரில் கண்டு, சொன்ன நாளில் வந்தாரா, பேசியதற்குமேல் கேட்டாரா, வேலையைப் பாதியில் விட்டுப் போனாரா என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும். டிரோன் தெளிப்பாயின், இயக்குபவர் 2021-ம் வருஷத்திய டிரோன் விதிகளின்படி பயிற்சிச் சான்றிதழ் பெற்றவரா என்று பார்க்கவேண்டும். முக்கியமான வேலை எதற்கும் இரண்டாவது ஆள் ஒருவரையும் விசாரித்து வைத்திருத்தல் அவசியம். முதல் ஆள் வராத நாளில் தேடத் தொடங்கினால் கேட்ட கூலியைக் கொடுக்க நேரும்.

வாய்ப்பேச்சு நம் நாட்டு வழக்கமாயினும், வேலை பெரிதாயின் ஒரு பக்கத்தில் சீட்டு எழுதி இருவரும் கையொப்பமிடுவது நல்லது. அதில் கீழ்க்கண்டவை இருந்தால் போதும்.

1. வேலை இன்னது, சர்வே நெம்பர், விஸ்தீரணம்.
2. தொடங்கும் நாள், முடிக்கும் நாள். மழையினால் தடைப்பட்டால் என்ன ஏற்பாடு.
3. கூலியின் அலகும் விகிதமும். சாப்பாடு, வண்டி கொண்டுவரும் செலவு, பிற வழக்கப் பணம் எல்லாம் அதில் அடங்கியதா இல்லையா.
4. வேலையின் தரம், அதை எவ்வாறு அளப்பது.
5. முன்பணம் எவ்வளவு, முடிவில் நிறுத்தி வைக்கும் தொகை எவ்வளவு.
6. ஆளுக்கோ, வண்டிக்கோ, பக்கத்து வயலுக்கோ சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு.

நூற்றுக்குப் பத்து அளவாவது கடைசியில் நிறுத்தி வைத்து, அளந்து பார்த்த அன்றே கொடுத்துவிடவேண்டும். நிறுத்தி வைத்த பணத்தை இழுத்தடிப்பவரிடம் அடுத்த வருஷம் நல்ல கோஷ்டி வராது. நாணயம் இருதரப்பிலும் வேண்டும்.

பணத்தின் காலமும் கவனிக்கத்தக்கது. வெட்டுக்கூலி அன்றன்று கொடுக்கவேண்டியது. ஆலைப் பணமோ பின்னரே வரும். 1966-ம் வருஷத்திய கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிடில், கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை பணம் கொடுக்கவேண்டும். தவறினால் வருஷத்துக்கு நூற்றுக்கு 15 வீதம் வட்டி சேரும். எனினும் அந்தப் பதினான்கு நாளைக் கடக்கக் கைவட்டிக்கு வாங்கினால், வெளியில் விட்டதன் லாபம் வட்டியிற் கரையும். ஆகவே வெட்டுக்கூலிக்கான தொகையை முன்னரே ஒதுக்கி வைக்கவேண்டும்.

முன்பணமும் மனிதரும்

முன்பணம் கொடுத்து ஆட்களைப் பிடித்து வைக்கும் வழக்கம் கரும்புப் பிரதேசங்களிலெல்லாம் உண்டு. இதில் இரண்டு அபாயங்கள் இருக்கின்றன. ஒன்று, மேஸ்திரி பணத்தைப் பெற்றுக்கொண்டு வேறிடம் போய்விடுதல். ஆகவே பருவம் முழுவதற்குமான தொகையை ஒரே முறையில் கொடாமல், வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுப்பதே முறை. மற்றொன்று அதைவிடப் பெரியது. கொடுத்த பணம் தீரும்வரை போகக்கூடாது என்று ஒரு மனிதரையோ அவர் குடும்பத்தையோ தடுத்து வைப்பது கொத்தடிமை முறையாகும். 1976-ம் வருஷத்திய கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்படி அது குற்றம். மூன்று வருஷம் வரை சிறைத்தண்டனையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். அத்தகைய கடன் சட்டத்தின்முன் செல்லாது. ‘மேஸ்திரியிடம் விட்டேன், அவர் ஆட்களை எப்படி நடத்துகிறார் என்பது எனக்குத் தெரியாது’ என்று சொல்வது நியாயமன்று. கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து வேலை செய்யும் குடும்பங்களாயினும், வெளிமாநிலத்தாராயினும், தங்குமிடம், குடிநீர், பேசிய கூலி அவரவர் கையில் சேருதல் ஆகிய மூன்றையும் நிலத்துக்கு உடையவர் தாமே கேட்டறிய வேண்டும். வேலையை வெளியில் விடலாம். பொறுப்பை விட இயலாது.

உள்ளூர்க் கூலியாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறுவடையே அவர்களுக்கு வருஷத்தின் பெரிய வரும்படி. அறுவடை முழுவதையும் இயந்திரத்துக்கு விட்டபின், களையெடுப்புக்கும் மணிலா ஆய்தலுக்கும் மட்டும் அதே பெண்மக்கள் வருவார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். வருஷம் முழுவதும் வேலை கிடைக்கும் ஊருக்கு அவர்கள் போய்விடுவார்கள். இயந்திரத்தால் அறுவடையில் மிச்சப்பட்டது களையினால் நஷ்டமாகும். ஒரு வேலையை விடுமுன், அதனால் மற்ற வேலைகளுக்கு ஆள் கிடைப்பது எவ்வாறு பாதிக்கப்படும் என்றும் கணக்கிடுவது தீர்க்கதரிசனமாகும். சாய்ந்த பயிரையும், இயந்திரம் இறங்காத பாத்திகளையும், வைக்கோல் முழுதாக வேண்டிய பகுதியையும் கைவெட்டுக்கு ஒதுக்குவது பல விதத்திலும் அனுகூலமானது.

குடியானவரே ஒப்பந்தக்காரர் ஆகும்போது

இதுவரை கூறியதில் குடியானவர் வேலையை விடுபவராயிருந்தார். அவரே பிறருக்காக வேலை செய்பவராகும் இடங்களும் உண்டு. தமிழ்நாட்டில் பரவியுள்ள கறிக்கோழி வளர்ப்பில் கம்பெனியார் குஞ்சும் தீவனமும் மருந்தும் தந்து, வளர்ப்புக் கூலி கொடுக்கின்றனர். கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் குடியானவருடையவை. இங்கும் மேற்சொன்ன கணக்கே பொருந்தும். கொட்டகைக்கு வாங்கிய கடன் பல வருஷத்துக்கு உரியது. ஒப்பந்தமோ ஒரு தொகுதிக் குஞ்சுகளுக்கு மட்டும் உரியதாயிருக்கலாம். அடுத்த தொகுதி வரத் தாமதித்தால் வட்டி நிற்காது. ஆகவே வருஷத்துக்கு எத்தனை தொகுதி என்பது எழுத்தில் இருக்கவேண்டும்.

மரவள்ளியும் அவ்வாறே. கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பக்கங்களிலும் கல்வராயன் மலையிலும் விளையும் கிழங்கு பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. மாவுச் சத்தின் பாயிண்டைக்கொண்டு விலை தீர்க்கப்படுவதால், எடையை மட்டும் பார்த்து நிற்பவர் பாதிக் கணக்கையே பார்த்தவராவார். மாதிரி எடுக்கும்போதும் பாயிண்ட் பார்க்கும்போதும் உடன் இருக்கவேண்டும். பிடுங்கிய கிழங்கு சில நாட்களில் கெட்டுவிடுமாதலால், பிடுங்கியபின் பேரம் பேசுபவருக்குப் பேரசக்தி இல்லை. விலை முடிவான பின்னரே பிடுங்கவேண்டும். முன்பணம் வாங்கி ஒரே வியாபாரிக்குக் கட்டுப்பட்டவர், விலை ஏறும் வருஷத்தில் அதன் பயனை இழப்பார்.

இத்தகைய ஒப்பந்தங்களுக்காகத் தமிழ்நாட்டில் 2019-ம் வருஷத்தில் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதன்படி ஒப்பந்தம் எழுத்து மூலம் அமைந்து அதிகாரியிடம் பதிவு செய்யப்படவேண்டும். விலை முன்னரே குறிக்கப்படவேண்டும். கொள்முதல் செய்பவருக்கு நிலத்தின்மேல் எவ்வித உரிமையும் உண்டாகாது. பதிவு செய்யாத வெற்றுக் காகிதத்தில் கையொப்பமிடுவதும், ஒப்பந்தத்துக்கு ஈடாக நிலப்பத்திரத்தைக் கொடுப்பதும் ஒருபோதும் கூடாது.

கிராம உத்தியோகஸ்தர் செய்யத்தக்கவை

பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-ல் ஒழிக்கப்பட்டபின், கிராமக் கணக்குகள் கிராம நிர்வாக அலுவலர் பொறுப்பிலிருக்கின்றன. அடங்கலில் பயிரும் விஸ்தீரணமும் சரியாக ஏறியிருந்தால், அறுவடைக்கு எந்த வாரத்தில் எத்தனை ஏக்கர் முதிரும் என்பதை ஊரார் முன்னரே அறியலாம். அதைக்கொண்டு அடுத்தடுத்த வயல்களை ஒரே நாளில் அறுக்க ஏற்பாடு செய்தால் வண்டி வரும் செலவு பங்காகும், தரகருக்கு இடமிராது. வண்டி விகிதங்களையும், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை விகிதத்தையும் ஊர்ப் பொதுவிடத்தில் எழுதி வைப்பது பெரிய உபகாரம். அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது பொது விதி. இயந்திரத்தால் அறுத்த நெல்லில் ஈரம் மிகுந்திருக்குமாதலால், உலர்த்தும் களத்தை முறைவைத்துப் பகிர்ந்துகொடுப்பதும் அவர்கள் முன்னின்று செய்யத்தக்கது. வெளியூரிலிருந்து வந்து தங்கும் கோஷ்டிகளின் பெயர், ஊர், மேஸ்திரி ஆகிய விவரங்களைக் குறித்து வைத்தால், முன்பணத் தகராறும் மனிதரைத் தடுத்து வைக்கும் குற்றமும் முளையிலேயே தெரியவரும்.

படிப்படியாக விடுதல்

புதிதாக ஒரு வேலையை வெளியில் விடுபவர், முதல் வருஷம் நிலத்தில் நாலில் ஒரு பங்கில் மட்டும் விட்டுப் பார்க்கவேண்டும். அப்பங்கின் செலவையும் மகசூலையும் தனியே எழுதி, தாமே செய்த பங்குடன் ஒப்பிடவேண்டும். நலமாயிருந்தால் மறுவருஷம் பாதி, அதற்கடுத்த வருஷம் முழுவதும் விடலாம். கருவியையும் மாட்டையும் உடனே விற்றுவிடலாகாது. இரண்டு பருவமாவது கழியவேண்டும். முழுவதும் விட்ட வேலையையும் வீட்டிலுள்ள இளைஞர் ஒருவராவது கற்று வைத்திருத்தல் அவசியம். வேலை தெரியாதவர் வேலையின் தரத்தை மதிக்க முடியாது. கேட்ட கூலி நியாயமா என்பதும் அவருக்கு விளங்காது.

வரும் ஆடிப் பட்டத்துக்குமுன் ஒவ்வொரு குடியானவரும் ஒரு தாளில் தம் வேலைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே தாமே செய்தால் ஆகும் செலவு, வெளியில் விட்டால் ஆகும் கூலி, கண்காணிக்க வேண்டிய நாட்கள், தாமதித்தால் வரும் நஷ்டம் ஆகிய நான்கையும் குறிப்பாராக. இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். அறுவடை முடிந்தபின் அதே தாளில் உண்மையில் ஆன தொகையைப் பக்கத்தில் எழுதினால், அடுத்த வருஷத்துக்கு எதை விடுவது, எதை விடாதிருப்பது என்பதை அத்தாளே சொல்லும்.